காது அதிர்ந்தா போதுமா?

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குக் கிளம்புறப்போ மேளத்துக்குப் பக்கத்துல நின்னு பாருங்க. ஒவ்வொரு அடியும் நெஞ்சுல விழும்.

1974-ல ‘எர்த்குவேக்’ படத்தோட யுனிவர்சல் அந்த அதிர்வைத்தான் விற்றது. பேரு சென்சரவுண்ட். ராட்சத ஸ்பீக்கர்கள், காதுக்கே எட்டாத தாழ்ந்த ஒலி. ஹாலிவுட் சைனீஸ் தியேட்டர்ல கூரைப்பூச்சு தலையில விழாம இருக்க வலை கட்டினாங்க! நாலைந்து படங்களோட அடங்கிப்போச்சு.

1997-ல நின்டெண்டோவின் ரம்பிள் பேக் அதிர்வைக் கைக்குக் கொடுத்தது. அது நிலைச்சுது. ஏன்னா, விளையாடுறது கை.

2018-ல ரேசர் நாரி அல்டிமேட் அதைக் காதுக்குக் கொண்டுவந்தது. வெடிச்சா ஜாலிதான். ஆனா எதிரியோட காலடியைக் கேட்கவேண்டிய காதை எதுக்கு ஆட்டணும்? நெஞ்சும் அதிராது. என்னைக் கேட்டா, வெறும் வித்தை. அந்தக் காசுக்கு நல்ல மைக் இருக்கிற சாதா ஹெட்செட் வாங்குவேன்.