கொள்கைத் தாக்க மதிப்பீடு: புள்ளியியல் முறைகளும் கற்றலும்

கொள்கைத் தாக்க மதிப்பீடு என்பது அரசின் ஒரு திட்டமோ சட்டமோ மக்கள் வாழ்வில் எவ்வளவு மாற்றத்தை உண்டாக்கியது என்பதைப் புள்ளியியல் வழியே அளக்கும் துறை. திட்டம் வந்தபின் காணும் மாற்றம் முழுவதும் திட்டத்தால் விளைந்ததாகாது. மழை, விலைவாசி, வேலைவாய்ப்பு ஆகியவையும் அதே காலத்தில் மாறியிருக்கும். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிடுவதும் பிழைக்கு இடம்தரும். இரு சாராரும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களாக இருக்கலாம். இப்பிழை தேர்வுச் சாய்வு எனப்படும். திட்டம் இல்லாதிருந்தால் அதே மக்கள் எந்நிலையில் இருந்திருப்பார்கள் என்பதை நேரில் காண இயலாது. எனவே அந்நிலைக்கு ஈடாக நம்பத்தக்க ஒப்பீட்டுக் குழு தேவைப்படுகிறது. அதை எவ்வழியில் பெறுவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

சமவாய்ப்புச் சோதனை

திட்டம் யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கலால் முடிவுசெய்தால், இரு குழுக்களும் சராசரியில் ஒத்திருக்கும். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மாருக்குப் பணம் தந்தது. மதிப்பீட்டுக்கு எடுத்த 506 சிற்றூர்களில் 320-இல் முதலில் தொடங்கி, 186-இல் பின்னர் நடைமுறைப்படுத்தினர். பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது. இடைநிலை வகுப்புப் பெண்களிடம் உயர்வு மிகுதி. தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்து, தலா ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கூடுதலாக அமர்த்திய ஆய்வில், முன்பருவக் கல்விக்கான நேரம் இருமடங்கானது. மொழி, கணிதத் தேர்ச்சியும் உயர்ந்தது.

வேறுபாடுகளின் வேறுபாடு

குலுக்கல் இயலாத இடத்தில், திட்டம் வந்த பகுதியின் மாற்றத்திலிருந்து வராத பகுதியின் மாற்றத்தைக் கழிப்பர். நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது; அண்டையிலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் 410 துரித உணவகங்களை ஆராய்ந்து 1994-இல் முடிவை வெளியிட்டனர். முழுநேரக் கணக்கில், ஓர் உணவகத்தின் சராசரிப் பணியாளர் எண்ணிக்கை நியூ ஜெர்சியில் 20.44-இலிருந்து 21.03 ஆனது, பென்சில்வேனியாவில் 23.33-இலிருந்து 21.17 ஆனது. ஊதிய உயர்வு வேலையைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. உயர்வு இல்லாதிருந்தால் இரு பகுதிகளும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்பதே இக்கணக்கின் எடுகோள். பிற ஆய்வாளர்கள் ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு இம்முடிவை மறுத்தனர்; விவாதம் நெடுநாள் நீடித்தது.

வெட்டுப்புள்ளியும் கருவி மாறியும்

தகுதி மதிப்பெண் போன்ற எல்லைக்கோட்டின் இருபுறமும் மிக நெருங்கி இருப்பவர்களை ஒப்பிடுவது வெட்டுப்புள்ளி முறை. திசில்த்வெயிட்டும் கேம்பெலும் 1960-இல் இதை அறிமுகப்படுத்தினர். விளைவை நேரடியாகப் பாதிக்காமல், திட்டத்தில் சேர்வதை மட்டும் மாற்றும் காரணியைப் பயன்படுத்துவது கருவி மாறி முறை. வியட்நாம் போருக்கு அமெரிக்கா பிறந்த தேதிகளைக் குலுக்கி ஆள்சேர்த்ததைக் கொண்டு, படைப்பணி பிற்கால வருவாயைக் குறைத்ததை ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 1990-இல் காட்டினார்.

கற்கும் முறை

நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், மாதிரிக்கு மாதிரி கணிப்பு மாறும் அளவைக் காட்டும் திட்டப்பிழை, தொடர்புப் போக்கு ஆகியவை இக்கல்வியின் அடித்தளம். அதன்பின் ஒவ்வொரு முறையையும் அதன் எடுகோளோடு சேர்த்துக் கற்பது சிறந்தது; எடுகோள் பொய்த்தால் நுட்பமான கணக்கும் தவறான விடையே தரும். ஆர் போன்ற இலவச மென்பொருளில் விளைவின் அளவைத் தாமே நிர்ணயித்துச் செயற்கைத் தரவு உருவாக்கி, முறை அதை மீட்டுத் தருகிறதா என்று பார்ப்பது நல்ல பயிற்சி. வெளியான ஆய்வுகளின் தரவைப் பெற்று முடிவுகளை மீண்டும் கணக்கிடுவது அடுத்த படி. ஒரே ஊர்க் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், ஊர்வாரியாகக் குலுக்கிய ஆய்வில் குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு துல்லியத்தைக் கணித்தால் திட்டப்பிழை பொய்யாகக் குறையும். விளைவு புள்ளியியல்படி உறுதியானதா என்பதோடு அதன் அளவு, செலவு, வேறு இடத்துக்குப் பொருந்தும் தன்மை ஆகியவற்றையும் எடைபோட்ட பிறகே மதிப்பீடு முழுமை பெறும்.