கேட்ட காதும் அழித்த கையும்

எனக்கு ராகம் தெரியாது. பாட்டு வாத்தியார் யார் முன்னாலும் போய் உட்கார்ந்ததில்லை. கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டோ, கருவாடு புரட்டிக்கொண்டோ, பஸ்சுக்குக் காத்து நின்றோ கேட்டதுதான் நான் கேட்ட சங்கீதம் எல்லாம். போன வருசம் மதுரையில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, ஆராய்ச்சி மாணவர் தம்பி ஒருத்தர், "கட்டாயம் கேக்க வேண்டிய இசைத்தட்டுன்னு ஒரு பத்து சொல்லுங்கண்ணே" என்றார். அவர் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் பாதி நான் கேட்டதுதான். ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இசைக்கு வரலாறு எழுதியவர்கள் பாடினவன் பக்கமிருந்து எழுதியிருக்கிறார்கள், தட்டுப் போட்ட கம்பெனி பக்கமிருந்தும் எழுதியிருக்கிறார்கள். மணலில் உட்கார்ந்து கேட்டவன் பக்கமிருந்து எழுதினால் வேறு சில விசயங்கள் வெளியே வரும்.

எங்களைக் கடையர் என்பார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் போட்ட சாதிகளும் குடிகளும் பற்றிய பெரிய தொகுப்பில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. பெயருக்குக் 'கடைசி' என்று பொருளாம். ராமேஸ்வரம் பக்கத்தில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள், முத்துக்குளிக்கவும் போகிறவர்கள், கரையோரத்தில் பெரும்பாலும் வேதக்காரர்கள். அவ்வளவுதான். எங்க தாத்தா சங்கு குளித்தவர். அவர் மூச்சடக்கி எடுத்துவந்த சங்கு எந்தெந்தக் கோயிலில் தீபாராதனைக்கு ஊதப்பட்டதோ! குளித்தவன் வெளியே நின்றான், சங்கு உள்ளே போனது. இதுதான் எங்கள் கரையின் இசை வரலாற்றில் முதல் பக்கம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஸ்டேஷன், மாதா கோயில், தபாலாபீஸ் இடிந்து நிற்பதைப் படம் பிடிக்கிறார்கள். எங்க அப்பத்தா ரெண்டு பிள்ளைகளையும் கூடப் பிறந்தவளையும் அன்றைக்குப் பறிகொடுத்தவள். சடலம் கிடைக்கவில்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. சொன்னால்? கடல் அங்கேதானே இருக்கிறது. திரும்பிப் போய் ஓலைக் குடிசை போட்டார்கள். நான் 1966இல் பிறந்தது அப்படி ஒரு குடிசையில்தான். வருசா வருசம் டிசம்பரில் அப்பத்தா கடலைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். பிணம் இல்லாத ஒப்பாரி. நான் முதன்முதலாகக் கேட்ட பாட்டு அதுதான். அதைப் பாட்டு என்று எங்கள் யாருக்கும் தோணவில்லை.

பாட்டு என்றால் ரேடியோவில் வருவது. தனுஷ்கோடிக்கு மதராஸ் தூரம், தலைமன்னார் 20 மைல்கூட இல்லை. அதனால் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும். 1952இல் பி.வி. கேஸ்கர் மந்திரியாக வந்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவிட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தை ஏற்றினார். சனங்களின் காதைச் சுத்தம் பண்ணுகிற வேலை! சனம் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டது. நான் வளர்ந்தபோது இங்கேயும் சினிமாப் பாட்டு வந்துவிட்டிருந்தது, ஆனால் எங்கள் முள் திரும்பவில்லை. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுத்தான் எங்களுக்கு விடியும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வந்தால் சின்னஞ்சிறுசுகள் மணலில் குதிப்போம். பைலாத் தாளம். ரொம்பக் காலம் கழித்துத்தான் படித்தேன்: அந்தத் தாளத்துக்குள் போர்த்துக்கீசிய ஆட்டமும் இருக்கிறது, அவர்கள் காலத்தில் இலங்கைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் ஆட்டமும் இருக்கிறது. காப்பிரி என்று அங்கே பேர். அடிமையாக வந்தவனின் கால் அடித்த அடிக்கு, எவனோ ஒரு கடையப் பிள்ளையின் கால் தானாக ஆடியது.

ராமேஸ்வரத்துக்குக் கருவாட்டுக் கூடையோடு அம்மா போகும்போது விடிகாலையில் குழாய் ரேடியோவில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'வேங்கடேச சுப்ரபாதம்'. 1963இல் வந்த தட்டு. அதன் வருமானம் திருப்பதி வேத பாடசாலைக்குப் போனது. நாம் படிக்க முடியாத படிப்புக்கு. கொள்கைப்படி எனக்கு அது பிடிக்கக்கூடாது. பிடிக்கிறது, என்ன செய்ய? வீணை வாசித்த தேவதாசி மரபுத் தாயின் மகள், 10 வயதில் முதல் தட்டில் பாடியவள். யாரைச் சபையில் குறைவாகப் பேசினார்களோ அவர்கள் வீட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரையே அதால் எழுப்புகிறார்கள். இதைத் தோழர்களிடம் சொன்னால் திட்டுகிறார்கள். திட்டட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. சோட்டா நாக்பூர்க் காட்டில் ஆதிவாசிகள் மரக்கொம்பிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு. ஆசாரமான வித்வான்களின் குரலெல்லாம் அதில்தான் ஏறியது. அப்போது தீட்டு எங்கே போனதோ தெரியாது.

1983 ஜூலைக்குப் பிறகு படகு படகாக அகதிகள் வந்திறங்கினார்கள். எங்கள் கரை அவர்களுக்கு முதல் மண். மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்கா, கைக்குழந்தையோடு ஒரு டேப் ரெக்கார்டரையும் காப்பாற்றிக் கொண்டுவந்தது. மண்டபம் முகாமுக்குப் போகும்முன் எங்க அய்யாவிடம் விலைக்குக் கொடுத்தது. என்ன விலை கொடுத்தார், அது நியாயமான விலையா என்று நான் அய்யாவிடம் கேட்டதில்லை. 1984 டிசம்பரில், புயலுக்கு 20 வருசம் ஆனபோது, அய்யா வெத்து கேசட் ஒன்று வாங்கிவந்து அப்பத்தாவின் ஒப்பாரியைப் பதிந்தார். ஒரு மணி நேரம். பெட்டிமேல் பேனாவால் 'அம்மா' என்று எழுதிவைத்தார். 1986இல் அப்பத்தா போய்ச் சேர்ந்தாள்.

1988இல் நான் ராமநாதபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். கேசட் கடையில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஓடிக்கொண்டிருந்தது. 1986இல் வந்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை வைத்த தட்டு. கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். பண்ணைப்புரத்துக்காரர், அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வந்தவர், ஜெர்மன்காரனைச் சரிக்குச் சரியாக உட்காரவைத்துப் பேசுகிறாரே என்று நெஞ்சு அடைத்தது. அதில் நம் பறை எங்கே, நம் உறுமி எங்கே என்று பிறகு விவாதித்தோம், நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அந்த வயலின் வேண்டும், அவ்வளவுதான். புதுக் கேசட் வாங்கக் காசில்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்துப்போய்க் கொடுத்தேன். மிச்ச இடத்துக்குச் 'சிந்து பைரவி' பாட்டைப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர்.

எந்தக் கேசட் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிய முடியாது. இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேனா எழுத்து வியர்வையில் அழிந்திருந்தது என்று நானே எனக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. 'அம்மா' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். இது ஒப்பாரிதானே, இது வயலின் அல்லவா என்று நினைத்தேன். எது சங்கீதம், எது கூப்பாடு என்று கேஸ்கர் பிரித்த மாதிரியே நானும் பிரித்தேன். சாதி மனசுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கருத்தரங்குகளில் பேசும்போது எனக்கு இந்தக் கேசட்தான் ஞாபகம் வரும். அய்யா ஒரு வார்த்தை திட்டவில்லை. மூணு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் நான் எதைக் கேட்டாலும் அதன் அடியில் வேறொன்று அழிந்து கிடக்குமோ என்றுதான் கேட்கிறேன்.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. கே.ஏ. குணசேகரனின் 'மனுசங்கடா' கேசட் கைமாறிக் கைமாறி வந்தது. பாட்டு எழுதிய இன்குலாப் எங்க மாவட்டத்துக் கீழக்கரைக்காரர். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்த வெண்மணிக்காக எழுதினது. பாடியவர் இளையான்குடி பக்கம் மாரந்தை. ரெண்டு பேரும் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதே பெரிய தெம்பு. ஒரு டீக்கடையில் போடச் சொன்னோம். ரெண்டு வரி ஓடியதும், "சத்தத்தக் கொறைப்பா" என்று ஒரு குரல். அதே கடையில் அவர்கள் சாதிப் பெருமைக் கேசட் அலறும்போது குறைக்கச் சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு? இம்மானுவேல் சேகரனை வெட்டிய (1957) பரமக்குடி இருக்கிற சீமை இது. எங்கள் ஊர்களில் கேசட் சத்தம் கைகலப்பில் முடிந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் பறையை விடுவதா எடுப்பதா என்று நமக்குள் சண்டை. அடிமைத் தொழில், கொளுத்து என்று ஒரு பக்கம். நம் கலை, மேடை ஏற்று என்று இன்னொரு பக்கம். நான் எந்தப் பக்கமும் கத்தாமல் இருந்தேன். காரணம் வெட்கம். எங்க சனம் பறை அடிக்கிற சனம் இல்லை. எங்கள் சாவு வீட்டுக்கு அடிக்க வந்த, எங்க பெரியப்பா வயசு மனிதரை நாங்களும் "வாடா, போடா" என்றுதான் கூப்பிட்டோம். கடைசி என்று பெயர் வாங்கினவனும் தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடுகிறான்.

தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் போன சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தது பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்'. ஜமைக்காவில் அவரை 1976 டிசம்பரில் வீடு புகுந்து சுட்டார்கள். தப்பி லண்டன் போய்ப் பதிந்து 1977இல் வெளியிட்டது. இங்கிலீசு எனக்குப் பாதிதான் புரிந்தது. தலைப்பு புரிந்தது. வேதக்காரப் பிள்ளைக்கு யாத்திராகமம் தெரியாதா? மண்டபத்தில் அடைத்துவைத்து மருத்துவச் சோதனை பண்ணித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்களே, அந்தக் கூலிச் சனத்தில் பெரும்பகுதி நம் சனம். 1964 அக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே வழியில் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். பின்னால் 83. கடல் பிளந்து வழி விட்டதாக எங்கள் கரையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மார்லியின் பேஸ் கித்தார் கரையில் மோதும் அலை மாதிரி ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது போதும்.

மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை ஒரு பேராசிரியர் நண்பர் கொடுத்தார். உள்ளதைச் சொல்கிறேன், முதல் தடவை தூங்கிவிட்டேன். ரெண்டாவது தடவையும். பிறகு அந்தக் கதையைப் படித்தேன். தட்டு வெளியானது 1959 ஆகஸ்ட் 17. ஆகஸ்ட் 25 ராத்திரி நியூயார்க் 'பேர்ட்லேண்ட்' கிளப் வாசலில் இடைவேளைக்காக வந்து நின்ற டேவிசை, நகரச் சொன்னது போலீஸ். உள்ளே வாசிக்கிறவன் நான்தான், வெளிப் பலகையில் இருப்பது என் பேர்தான் என்று சொல்லியும் தலையில் அடித்து, ரத்தம் வடிய வடிய இழுத்துப்போனார்கள். அன்றைக்குத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். தூக்கம் வரவில்லை. அந்த எக்காளம் ஏன் அவ்வளவு மெதுவாக, எண்ணி எண்ணிப் பேசுகிறது என்று புரிந்த மாதிரி இருந்தது. திருவிழாவுக்கு அடிக்க வந்துவிட்டுக் கோயில் வாசலுக்கு வெளியே நிற்கிற நம் ஆளை அதில் பார்த்தேன்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியதை மகள்தான் போனில் காட்டினாள். கானா, ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குணசேகரன், இன்குலாப் இருவருமே 2016இல் போய்விட்டார்கள். இருந்து பார்த்திருக்கலாம்.

மதுரைத் தம்பிக்கு இன்னும் பட்டியல் அனுப்பவில்லை. அந்தப் பழைய கேசட் மட்டும் என்னிடம் இருக்கிறது. 'சிந்து பைரவி' பாட்டு முடிந்து நாடா தீருவதற்குள் ரெண்டாம் பக்கத்தில் ஒரு 20 நொடி, கடைக்காரர் நிறுத்தினதற்குப் பிறகு, அழியாமல் மிச்சம் இருக்கிறது. மகள் அதை மட்டும் போனில் ஏற்றி வைத்திருக்கிறாள். முதலில் காற்று. கடல் இரைச்சல். ஒப்பாரியின் கடைசி இழுப்பு, பாதியில் ஒரு இருமல். பிறகு அப்பத்தா, அழுகையெல்லாம் விட்டுச் சாதாரணக் குரலில், எங்க அய்யாவைப் பார்த்து: "போதும்டா ராசா, அமத்து. பேட்டரி தீந்துறப் போவுது."