திருவள்ளூர் தடுப்பூசி ஆய்வும் காசநோய் அழற்சியும்

செங்கல்பட்டு ஆய்வு என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்து 1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூர்ப் பகுதியில் நடந்ததாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஆகியவை இணைந்து 1968-இல் தொடங்கிய இவ்வாய்வில், 1971-க்குள் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ, ஒப்பீட்டுக்கான மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று.

காசநோயில் நுரையீரலைச் சிதைப்பது கிருமி மட்டுமன்று. அதை எதிர்க்கும் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமும் அதில் பங்கு கொள்கிறது. கிருமியை விழுங்கும் பெருவிழுங்கி அணுக்களால் அதை முற்றிலும் கொல்ல இயலாதபோது, டி அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து கிரானுலோமா எனப்படும் சிறு முடிச்சை உருவாக்குகின்றன. அணுக்கள் ஒன்றையொன்று தூண்டச் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் கிருமியை அங்கே அடக்கி வைத்தாலும், அவற்றின் தூண்டல் ஓயாது நீளுமிடத்து முடிச்சின் நடுப்பகுதி அழுகிக் குழிவிழுகிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இத்தகைய எதிர்வினையே நாட்பட்ட அழற்சி எனப்படுகிறது.

கிருமிக்கு எதிரான டி அணுக்களின் எதிர்வினையைத் தோலிலேயே காட்டுவது டியூபர்குலின் சோதனை. கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை முன்கையில் தோலுக்குள் செலுத்தி, மூன்றாம் நாள் அங்கு எழும் தடிப்பை ஆய்வுப் பணியாளர்கள் விரலால் தடவி விளிம்பறிந்து, அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் குறித்தனர். ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் தடுப்பூசி பெற்றவர்களிடம் தடிப்பு நன்கு தோன்றியது. ஆயினும் இரண்டரை ஆண்டுகளில் அது வெகுவாகக் குறைந்தது.

மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை ஆகியவற்றின் துணையோடு பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த கண்காணிப்பின் முடிவு 1999-இல் வெளியானது. பெரியவர்களைத் தடுப்பூசி காக்கவில்லை. குழந்தைகளிடம் கண்ட 27 விழுக்காட்டுப் பாதுகாப்பும் புள்ளியியல் அளவில் உறுதியானதன்று. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பிற நுண்ணுயிர்களை மக்களின் உடல் முன்பே சந்தித்திருந்ததால் தடுப்பூசியின் தனிப்பயன் மறைந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுங்காசநோய்களைத் தடுப்பதற்காகப் பிறந்த உடனே பி.சி.ஜி. போடும் வழக்கம் இந்தியாவில் தொடர்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கோ, நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பதே வழி என்பதை இவ்வாய்வு வலுப்படுத்தியது.

அவ்வழி இதே மாவட்டத்தில் 1999-இல், நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுக்கும் டாட்ஸ் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதன் பின் அங்கு நடந்த கணக்கெடுப்புகளில், 1999–2001-இல் ஒரு லட்சம் பேருக்கு 609 ஆக இருந்த கிருமி உறுதியான நோய்ப்பரவல், 2004–2006-இல் 311 ஆகக் குறைந்தது. பலிக்காத ஒரு தடுப்பூசியைப் பற்றிய உண்மையை உலகுக்குத் தெரிவிக்கத் தம் கைகளையும் சளியையும் பொறுமையையும் தந்த இப்பகுதி மக்களின் பங்கு, மருத்துவ வரலாற்றில் ஆய்வாளர்களின் பங்குக்கு இணையாகப் பதிவு பெறத் தக்கது.