குரோனிங்கனின் தென்புறக் கொத்தளங்கள்

நெதர்லாந்தின் வடகிழக்கிலுள்ள குரோனிங்கன் நகரைச் சுற்றி 1624இல் கட்டி முடிக்கப்பட்ட 17 கொத்தளங்களில், தெற்கு வரிசையில் நின்று பின்னர் முற்றிலும் அழிக்கப்பட்டவை. கொத்தளத்துக்கு இந்நகரத்தார் வழங்கிய பெயர் ‘டுவிங்கர்’. பிற டச்சு ஊர்களில் அது ‘போல்வெர்க்’.

பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் சிதறும். மண் அதை விழுங்கிக்கொள்ளும். ஆகவே தாழ்ந்து தடித்த மண்மேடு எழுப்பி, வெளியே அகழி வெட்டி, மேட்டிலிருந்து அம்புமுனைபோல் கொத்தளங்களை நீட்டினர். ஒரு கொத்தளத்தின் அடியை எதிரி நெருங்கினால், அவனைப் பக்கவாட்டில் சுடுவது அடுத்த கொத்தளத்தின் வேலை. தன் காலடியைத் தானே காக்க இயலாது என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தில் கட்டிய ஐங்கோணக் கோட்டையும் இம்முறையில் அமைந்ததே. அதன் கொத்தளங்களுக்கு டச்சு மாகாணப் பெயர்களைச் சூட்டியவர்கள் குரோனிங்கனை விட்டுவிட்டார்கள்.

1672இல் மூன்ஸ்டர் ஆயர் பெர்ன்ஹார்ட் ஃபொன் காலன் நகரை முற்றுகையிட்டார். வடக்கில் வெள்ளம் பாய்ச்சப்பட்டிருந்ததால் அவரால் ஊரை முழுவதும் வளைக்க முடியவில்லை. அவ்வழியே உணவும் ஆட்களும் வந்துகொண்டிருந்தனர். தாக்குதல் முழுவதும் தெற்கில் குவிந்தது. அவர் பொழிந்த எரிகுண்டுகளால் தென்பகுதி வீடுகள் நாசமாயின. ‘பொம்மன் பேரென்ட்’, அதாவது வெடிகுண்டு பேரென்ட், என்ற பட்டப்பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கார்ல் ஃபொன் ராபன்ஹாப்ட் தலைமையில் தற்காத்த நகரம் வீழவில்லை. முற்றுகை நீங்கிய ஆகஸ்டு 28 இன்றும் அங்கே விழா நாள். ஆயினும் தெற்கின் பலவீனம் புரிந்துபோயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் மென்னோ ஃபான் கூஹோர்ன் அப்பக்கம் மேலும் ஓர் அரண்வரிசையை வகுத்தார்.

1874ஆம் ஆண்டின் கோட்டைச் சட்டம் இவ்வரண்களைக் கைவிட்டது. ரயில் நிலையம் தெற்கே அமைந்திருந்ததால் நகரம் அத்திசையில்தான் வளரத் துடித்தது. மண்மேடுகள் சமன்செய்யப்பட்டன, செல்வர்களின் மாளிகைகளும் மரநிழல் சாலைகளும் அங்கே எழுந்தன. பெரிய தாக்குதலைச் சந்திக்காத வடபகுதியோ பிழைத்தது: நோர்டர்பிளான்ட்ஸூன் பூங்காவின் மேடுகள் பழைய அரண்மண், குளங்கள் பழைய அகழி.

தென்வரிசையை ஊடறுத்த ஹேரெபோர்ட் வாயில் 1621இல் கட்டப்பட்டது, 1878இல் இடிக்கப்பட்டது. அதன் மணற்கல் முகப்பு இப்போது ஆம்ஸ்டர்டாமில், ரெய்க்ஸ் அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கிறது.