தம்பிரான் என்னும் சொல்

1578 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20 ஆம் நாள், கொல்லத்தில் பதினாறு பக்கச் சிறுநூல் ஒன்று அச்சேறியது. ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் அக்கத்தோலிக்க மறைக்கல்வி நூலே இந்திய மண்ணில் இந்திய எழுத்துகளில் அச்சான முதல் நூலாகும். அதனைத் தமிழில் ஆக்கியவர் போர்த்துகல் நாட்டு இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார்.

1546 இல் கோவாவில் வந்திறங்கிய அடிகளார், முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வாழ்ந்து தமிழ் பயின்றார். அதற்கு இலக்கணமும் வகுத்தார். 1586 இல் புனிதர் வரலாறுகளையும் தமிழில் அச்சிட்டளித்தார். 1600 இல் மறையும்வரை அக்கரையை விட்டு அவர் தாயகம் திரும்பவில்லை.

அவர் நூல்களில் போர்த்துகீசியச் சொற்கள் பல உண்டு. எனினும் முதல் நூலின் முகப்பில் நிற்பது, சுந்தரரைத் ‘தம்பிரான் தோழர்’ எனப் போற்றிய நம் மரபின் சொல்லே. அயலிலிருந்து வந்த நம்பிக்கை, தமிழ்ச் சொல்லில் குடிபுகுந்தே தமிழர் நெஞ்சில் இடம்பெற்றது.

கொல்லம் இன்று தமிழகத்திற்குப் புறத்தே உள்ளது. நாமும் அவ்வாறே வாழ்கிறோம். நம் மக்கள் இறைவனை எம்மொழியில் அழைக்கின்றனர்? கடல் கடந்து வந்தவர் அரிதின் முயன்று கற்ற மொழியை, தாய்மடியிலேயே பெற்ற நாம் நழுவவிடுதல் தகுமோ?