தாய்ப்பாலும் தாடை வளர்ச்சியும்

பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை, மேல்தாடையைவிடச் சற்றுப் பின்தள்ளியிருக்கும். பின்னர் அது மெல்ல முன்னோக்கி வளர்ந்து மேல்தாடையோடு பொருந்துகிறது. இந்த வளர்ச்சியில் பால் குடிக்கும் முறைக்கும் பங்குண்டு.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முலைக்காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வுகிறது. நாக்கைக் கீழே இறக்கும்போது வாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் பாலை இழுக்கிறது. தாடை ஓயாமல் அசைவதால் மெல்லும் தசைகளுக்கு நல்ல வேலை. மென்மையான காம்பு வாயின் வடிவுக்கேற்ப நீண்டு தட்டையாவதால், அண்ணம் அகலமாக வளர வாய்ப்புண்டு. புட்டிப்பாலில் கன்னத் தசைகளின் உழைப்பே மிகுதி. அவற்றின் அழுத்தம் மேல்தாடையைக் குறுக்கலாம் என்பது பல் மருத்துவர்களின் விளக்கம்.

இதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று பிரேசிலின் பெலோட்டாஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே 2004இல் பிறந்த குழந்தைகளை 5 வயதில் பரிசோதித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாய்ப்பாலே குடிக்காதவர்களோடு ஒப்பிட, 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களிடம் நடுத்தர, கடுமையான பல்வரிசைக் கோளாறுகள் 72% குறைவாக இருந்தன; 3 மாதத்துக்கு மேல், 6 மாதத்துக்குள் அப்படி மட்டுமே குடிப்பதை நிறுத்தியவர்களிடம் 41% குறைவு.

ஆனால் ரப்பர் சூப்பான் கணக்கை மாற்றிவிடுகிறது. தாய்ப்பால் நெடுநாள் குடிக்கும் குழந்தை சூப்பானை நாடுவது குறைவு; எனவே கிடைத்த நன்மையில் எவ்வளவு பாலூட்டலுடையது, எவ்வளவு சூப்பான் இல்லாததால் வந்தது என்று பிரிப்பது எளிதல்ல. வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விடும் கோளாறுக்குச் சூப்பானும் விரல் சூப்புதலும் முக்கியக் காரணங்கள். மேலும், இந்தச் சான்றுகளில் பெரும்பாலானவை பால்பற்களைப் பற்றியவை. தாய்ப்பால் கொடுத்தால் பிற்காலத்தில் பல்லுக்குக் கிளிப் போட வேண்டியிராது என்று உறுதி சொல்வது மிகைதான். நிலைப்பற்களின் வரிசையில் பரம்பரைக்கும் பெரும்பங்குண்டு.

சொத்தைப்பல் தனிக்கதை. அதே பெலோட்டாஸ் குழந்தைகளில், 2 ஆண்டோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்தவர்களுக்குக் கடுமையான சொத்தை வரும் ஆபத்து, ஓராண்டுக்குள் நிறுத்தியவர்களைவிட 2.4 மடங்கு. சர்க்கரை உண்ட அளவைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நீடித்தது. உலகச் சுகாதார நிறுவனமோ முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு துணை உணவோடு 2 ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது. இரண்டும் முரண்பட வேண்டியதில்லை: பொதுவாக 6 மாத வாக்கில் முளைக்கும் முதல் பல்லிலிருந்தே பல் துலக்கிவிடத் தொடங்கலாம்.