காலரா கிருமி வெளியேற்றும் இரண்டு

1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலரா கிருமியைத் தனித்துப் பிரித்தெடுத்தார். அக்கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது தெரிய மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1959-இல் அந்நகரின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சம்பு நாத் டே, கிருமிகளை நீக்கிய வளர்ப்பு வடிநீரை மட்டும் முயலின் குடலுக்குள் செலுத்தினார். குடலில் நீர் நிறைந்தது. கொல்வது கிருமியன்று, அது வெளியேற்றும் நச்சு என்பது உறுதியாயிற்று.

அக்கிருமி வெளியேற்றும் மற்றொரு பொருள் மருந்து. பாக்டீரியாவின் சவ்வில் அமைந்த சில புரதங்கள், உள்ளே புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. டெட்ராசைக்ளின் இவ்வாறு வெளியேற்றப்படுவதை 1980-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவியின் குழு காட்டியது. 2002-இல் கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் மாணிகுந்தலா குண்டுவின் குழு, நோயாளிகளிடமிருந்து பெற்ற காலரா கிருமிகளை ஆராய்ந்தது. ஃபுளோரோகுயினலோன் மருந்துகளை அவை எதிர்த்தமைக்குக் காரணம் ஒன்றன்று. மருந்து தாக்கும் நொதிகளின் மரபணுக்கள் மாறியிருந்தன. அத்துடன் பம்புகளும் இயங்கின. மருந்தின் செறிவைப் பம்பு குறைக்க, எஞ்சியது தன் இலக்கில் ஒட்டாது போயிற்று.

இப்பம்புகள் மருந்துக்கெனத் தோன்றியவை அல்ல. குடலில் வாழ வேண்டுமாயின் பித்தநீரின் தாக்குதலைத் தாங்க வேண்டும். அப்பித்த உப்புகளை வெளியேற்றவும் இவை பயன்படுகின்றன. ஒரே பம்பு வேதியமைப்பில் வேறுபட்ட பல பொருள்களை வெளியேற்றவல்லது. ஆகவே ஒரு மருந்துக்கு மாற்றாக வேறொன்றைத் தருவது எப்போதும் தீர்வாகாது. ஒருவகைப் பம்புகள் அனைத்தையும் நீக்கிய காலரா கிருமி, எலிக்குட்டியின் குடலில் நிலைபெறத் தடுமாறியதோடு நச்சையும் குறைவாகவே உருவாக்கியது என்பதை 2008-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. டே கண்ட வெளியேற்றமும் குண்டு கண்ட வெளியேற்றமும் தொடர்பற்றவை அல்ல.

பம்பைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வகத்தில் பயன் தந்தபோதிலும், மருத்துவப் பயன்பாட்டுக்கு வருவதில் நச்சுத்தன்மை பெருந்தடையாக உள்ளது. இந்நிலையில் வங்காளத்தின் மற்றொரு நிகழ்வை நினைவுகூர்தல் தகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதிகள் முகாமில், திலீப் மகாலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகத் தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அந்நீர் கிருமியைத் தாக்கவில்லை. உடல் இழந்த நீரை மீட்டது. ஆன்டிபயாடிக் நோயின் காலத்தைக் குறைக்கும்; ஆயினும் உயிர்காக்கும் முதன்மைச் சிகிச்சை நீரே. அதை எதிர்த்து இறைக்க எந்தப் பம்பும் இல்லை. தூய குடிநீருக்கும் அவ்வாறே.